எந்தச் சுறா என்று நாம் கேட்கவில்லை

தூத்தூர்க்காரர்களைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: சுறா பிடிப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், இரயுமன்துறையிலிருந்து நீரோடி வரை ஒட்டியொட்டிக் கிடக்கும் எட்டுக் கடற்கரை ஊர்கள். கொச்சியில் படகைக் கட்டிக்கொண்டு குஜராத் வரைக்கும், ஓமன் பக்கம் வரைக்கும் போய்த் தூண்டில் போடுகிற ஜனம். நாம் இதைப் பெருமையாகவே எழுதினோம், மேடையில் பேசினோம், ஆவணப்படத்தில் பின்னணி இசையோடு காட்டினோம். எந்தச் சுறா என்று மட்டும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால், பதில் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தது தெரிந்திருக்கும். மேல்தண்ணீரில் திரியும் பெருஞ்சுறாக்கள் குறையக் குறைய, தூண்டில் கயிறு நீண்டுகொண்டே போனது. கண்டத்திட்டு முடிந்து கடலடி சரியத் தொடங்கும் இடத்தில், முந்நூறு மீட்டர், ஐந்நூறு மீட்டர், அதற்கும் கீழே என்று இறங்கியது. 2000களில் கொச்சி ஏலத்தளத்துக்குக் குவியலாக வரத் தொடங்கிய சரக்கில் முக்கியமானவை கல்பர் சுறாக்கள். அறிவியல் வகைப்பாட்டில் செண்ட்ரோஃபோரஸ் பேரினம். பால்சுறா வாங்கிப் புட்டு செய்கிற நம் வீடுகளில் யாரும் இவற்றைப் பார்த்திருக்க வழியில்லை. இவற்றின் கறி உப்புக்கண்டமாகி எங்கோ போய்விடும். வேண்டியது ஈரல்.

ஏலத்தளத்தின் சிமெண்ட் தரையில் இதைக் கிடத்தினால் முதலில் கண்ணில் படுவது அதன் கண்தான். தலைக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. பச்சை ஒளி அடிப்பது. விழித்திரைக்குப் பின்னால் உள்ள படலம், கிடைக்கிற துளி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி இன்னொரு தடவை பயன்படுத்திக்கொள்கிறது. மேனி சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். முதுகில் இரண்டு துடுப்புகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு முள், அந்த முள்ளின் பக்கவாட்டில் பள்ளம். அடிவயிற்றின் பின்பக்கம், மற்றச் சுறாக்களில் பலவற்றுக்கு இருக்கும் துடுப்பு இதற்கு இல்லை. வயிற்றைக் கீறினால் இரைப்பையையும் குடலையும் தேடித்தான் எடுக்க வேண்டும். இரண்டு நீண்ட மடலாக ஈரலே உள்ளே முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும். உடல் எடையில் நாலில் ஒரு பங்கு வரைக்கும் அதுவாகவே இருப்பதுண்டு. கத்தி வைத்த இடத்தில் எண்ணெய் கசியும்.

அந்த எண்ணெய்தான் அதை மிதக்க வைக்கிறது. எலும்பு மீன்களுக்கு இருப்பதுபோல் சுறாக்களுக்குக் காற்றுப்பை கிடையாது. ஐந்நூறு மீட்டர் ஆழத்தில் மேலே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் மட்டும் சுமார் ஐம்பது வளிமண்டல அளவு. அங்கே காற்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதும் சுலபமல்ல. தண்ணீரைவிட லேசான எண்ணெயை ஈரலில் சேர்த்துவைத்துக்கொண்டால், வாலை ஓயாமல் அடிக்காமலே நின்ற ஆழத்தில் நிற்கலாம். அந்த எண்ணெயில் பெரும்பகுதி ஸ்குவாலீன் என்ற ஒரே பொருள். அந்தச் சரிவில் அது பிழைத்திருப்பதற்குக் காரணமானதே நாம் அதைத் தேடிப் போவதற்கும் காரணமாயிற்று.

சரிவு என்று சொல்கிறோமே, அது எப்படிப்பட்ட இடம்? கன்னியாகுமரிக்குத் தெற்கே வெட்ஜ் திட்டு. வடமேற்கே போனால் கொல்லத்துக்கு நேரே இன்னொரு திட்டு, ஆழ்கடல் இறாலுக்குப் பேர்போனது. இந்தத் திட்டுகளின் ஓரத்தில் கடலடி கீழே விழுகிறது. இருநூறு மீட்டரைத் தாண்டினால் பாசியோ பச்சையோ வளர வெளிச்சம் போதாது. மேலே செத்ததும் கழிந்ததும் தூளாக உதிர்ந்து வருவதுதான் அங்கே உணவின் அடிப்படை. அரபிக்கடலில் இதோடு இன்னொரு சங்கடமும் உண்டு: ஏறத்தாழ இருநூறிலிருந்து ஆயிரம் மீட்டர் வரை தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. குளிர், இருட்டு, மூச்சுக்குத் தட்டுப்பாடு, சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு. அங்கே வாழ்கிற எதுவும் அவசரப்பட்டால் பிழைக்காது. கல்பர் சுறா அவசரப்படுவதும் இல்லை. இனத்துக்கு இனம் கணக்கு மாறும் என்றாலும், பெண் சுறா பருவத்துக்கு வரவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். சினை முட்டை ஒவ்வொன்றும் கோழி முட்டையைவிடப் பெரியது. தாயின் வயிற்றுக்குள்ளேயே கரு அந்த மஞ்சளைத் தின்று வளரும். மத்தியதரைக் கடலில் ஆராயப்பட்ட ஓர் இனத்தில் சினைக்காலம் இரண்டு ஆண்டு, பிறப்பது ஒரே ஒரு குட்டி. முதுகு முள்ளை அறுத்துப் பார்த்தால் மரத்தின் குறுக்குவெட்டில் போல வளையங்கள் தெரியும். அதை எண்ணித்தான் வயது கணிக்கிறார்கள். வடகிழக்கு அட்லாண்டிக்கில் பிடிபட்ட ஒரு கல்பர் இனத்தில் எழுபது வயது வரை கணக்கு வந்திருக்கிறது.

மத்தி மீனோ ஒரு வருஷத்துக்குள் பருவத்துக்கு வந்து ஆயிரக்கணக்கில் முட்டை போடும். கல்பர் சுறாவில் பருவ வயதையும் சினைக்காலத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு தாய் தன் ஆயுள் முழுக்க ஈனுவது விரல்விட்டு எண்ணக்கூடிய குட்டிகளைத்தான். நம் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். மத்திக்கும் இறாலுக்கும் அதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டு வருஷம் சுமக்கிற ஒரு உயிருக்கு இந்த 61 நாளால் என்ன ஆகப்போகிறது? தடைக்காலம் வரும்போதெல்லாம் நிவாரணத் தொகை போதுமா, போதாதா என்று தலையங்கம் எழுதினோம். அது எழுத வேண்டியதுதான். இந்த நாட்கணக்கு எந்த மீனின் வாழ்க்கையைப் பார்த்துப் போடப்பட்டது, எந்த மீனுக்குப் பொருந்தாது என்று ஒரு பத்திகூட எழுதவில்லை.

சுறா ஈரல் நமக்குப் புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவிலிருந்து காட் மீன் எண்ணெய் வருவது நின்றபோது, சென்னை மாகாண மீன்வளத் துறை கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் எடுத்தது. திருவிதாங்கூரிலும் பம்பாயிலும் அதே வேலை நடந்தது. அப்போது வேண்டியது வைட்டமின் ஏ. செயற்கை வைட்டமின் சந்தைக்கு வந்ததும் அந்தத் தொழில் மங்கிவிட்டது. கரையோரச் சுறாக்களைக் காப்பாற்றியது எந்தச் சட்டமும் அல்ல, மருந்துக் கம்பெனிகளின் வேதியியல். இந்த வரலாறு நம் பள்ளிப் பாடத்தில் இல்லை. இருந்திருந்தால், அடுத்த எண்ணெய் அலை வரும்போது யாராவது ஒருவருக்காவது பொறி தட்டியிருக்கும்.

அடுத்த அலைக்குப் பெயர் ஸ்குவாலீன். ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ 1906இல் சுறா ஈரல் எண்ணெயில் இதைக் கண்டு, 1916இல் பெயர் வைத்தார். நம் முகத்தில் வடியும் எண்ணெயிலும் இது இருக்கிறது. அதனால்தான் தோலோடு இணக்கமாகப் போகிறது, முகக்களிம்புக்காரர்களுக்கும் பிடித்துப்போயிற்று. ஹைட்ரஜன் ஏற்றிக் கெடாமல் வைத்தால் அது ஸ்குவாலேன். களிம்பு, உதட்டுச் சாயம், எண்ணெய் மாத்திரை என்று போகும். சில தடுப்பூசிகளிலும் துணைப்பொருளாகச் சேர்கிறது. ஆனால் அந்த அளவு சொற்பம், தடுப்பூசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களோடு சேர்ந்துகொள்ள வேண்டியதில்லை. ஆலிவ் எண்ணெய்க் கழிவிலிருந்தும், கரும்புச் சர்க்கரையை நொதிக்க வைத்தும் இதே பொருளை எடுக்கலாம். யூனிலீவரும் லோரியலும் 2008இல் சுறாவை விட்டுத் தாவர மூலத்துக்கு மாறுவதாக அறிவித்தன. அந்தச் செய்தியைத் தமிழ்ப் பத்திரிகைகளின் அழகுக்குறிப்புப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். ஸ்குவாலேன் சீரம் தடவினால் முகம் பளபளக்கும் என்று எழுதிய நாம், அது எதிலிருந்து வந்தது என்று டப்பாவைத் திருப்பிப் பார்க்கச் சொல்லவில்லை. திருப்பினாலும் பெரும்பாலான டப்பாக்களில் மூலம் எதுவென்று போட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

எச்சரிக்கை இல்லாமல் இது நடக்கவில்லை. பக்கத்து வீட்டிலேயே நடந்து முடிந்த கதை இருந்தது. மாலத்தீவில் 1980இல் கல்பர் சுறாவுக்கென்றே மீன்பிடிப்பு தொடங்கியது. சில ஆண்டுகள் ஈரல் எண்ணெய் ஏற்றுமதி சூடாக நடந்தது. பிறகு சரிவு. 2000களின் தொடக்கத்தில் அந்தத் தொழிலில் சொல்லும்படியாக எதுவும் மிச்சமில்லை. 2010இல் அங்கே எல்லாச் சுறாவையும் பிடிக்கத் தடை வந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரைக்கு அப்பால் 1976–77இல் கபாலா என்ற ஆய்வுக் கப்பல் இழுவலை போட்டு அளந்தது. இருபது வருஷம் கழித்து 1996–97இல் அதே கப்பல் அதே இடங்களில் மறுபடி அளந்தது. மூன்று செண்ட்ரோஃபோரஸ் இனங்களும் 98 சதவீதத்துக்கு மேல் காணாமல் போயிருந்தன. இந்தச் சுறாக்களுக்கென்று அங்கே பெரிதாக யாரும் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேறு மீனுக்குப் போட்ட வலையில் கூடவே வந்தவைதாம் பெரும்பாலும். வடகிழக்கு அட்லாண்டிக்கில் ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் ஆழ்கடல் சுறாக்களுக்கான பிடிப்பு அளவைப் பூஜ்யமாக்கியது. ஒரே மாதிரிப் பாடம், மூன்று கடல்களில், நம் படகுகள் ஆழத்துக்கு இறங்கிய அதே காலத்தில்.

கொல்லத்துக்கு அப்பால் 2000ஐ ஒட்டி ஆழ்கடல் இறால் இழுவை சூடுபிடித்தபோது, ஆஸ்திரேலியாவில் நடந்ததே இங்கேயும் நடக்கலாம் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. சக்திகுளங்கரை, நீண்டகரைத் துறைமுகங்களில் இறாலோடு சின்னச் சின்ன ஆழ்கடல் சுறாக்களும் வந்து கொட்டின. கழிவுக்குவியல் என்று ஒதுக்கப்பட்டதில் அறிவியலுக்கே தெரியாத இனங்கள் இருந்தன. தென்மேற்குக் கரையின் இறங்குதளங்களுக்கு வந்த ஒரு குட்டைப் போலிப் பூனைச்சுறாவுக்கு 2018இல்தான் பிளானோனாசஸ் இண்டிகஸ் என்ற பெயர் கிடைத்தது. சக்திகுளங்கரையில் கிடைத்த முள்சுறா ஒன்று 2024இல் ஸ்குவாலஸ் ஹிமா ஆயிற்று. பெயர் வைக்கும் முன்பே விலை வைத்துவிட்டோம்.

இத்தனைக்கும் இந்தச் சரிவை அறிவதில் நாம் பிந்தித் தொடங்கியவர்கள் இல்லை. இன்வெஸ்டிகேட்டர் என்ற அளவைக் கப்பலில் மருத்துவராக வந்த ஆல்ஃபிரெட் ஆல்காக் 1888 முதல் வங்கக்கடல், அந்தமான், லட்சத்தீவுப் பக்கங்களில் ஆழத்திலிருந்து வலையில் வந்ததையெல்லாம் எழுதிவைத்தார். முதுகு முள் கொண்ட ஒரு சிறு ஆழ்கடல் சுறாவை அவர் 1889லேயே விவரித்துவிட்டார். அவருடைய இந்திய ஆழ்கடல் மீன் பட்டியல் 1899இல் அச்சானது. அது காலனி ஆட்சியின் வேலை, சரி. சுதந்திரத்துக்குப் பிறகு சாகர் சம்பதா கப்பல் 1984இல் வந்தது. கொச்சியிலிருந்து சரிவை அளந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கொச்சி ஏலத்தளத்தில் நின்று சுறாவின் நீளத்தையும் சினையையும் அளந்தார்கள். எழுதினார்கள். எழுதியது ஆங்கிலத்தில், ஆய்விதழ்களில். அதை எடுத்துத் தமிழில் சொல்ல வேண்டியது அவர்கள் வேலையல்ல, நம் வேலை. நாம் அந்த நேரத்தில் திமிங்கலம் கரை ஒதுங்கிய படங்களைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் மத்ஸ்யா கலத்தைக் கட்டுகிறது. 2021இல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்துக்கு ஒதுக்கீடு 4,077 கோடி ரூபாய். அதில் ஆழ்கடல் உயிரினங்களுக்கும் ஒரு பிரிவு உண்டு. இல்லையென்று சொன்னால் தப்பு. ஆனால் நம் தலைப்புகளில் வந்தது கடலடியில் கிடக்கும் மாங்கனீசும் நிக்கலும் கோபால்ட்டும்தான். ஆறாயிரம் மீட்டரில் என்ன தோண்டலாம் என்று கேட்ட நமக்கு, ஐந்நூறு மீட்டரில் என்ன தீர்ந்துகொண்டிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒக்கி புயலைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 2017 நவம்பர் 30. சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் தூத்தூரிலும் பெண்கள் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது, எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அரசிடம் நேரான பதில் இல்லை. பங்குக் கோயில்களும் ஊராரும் போட்ட பட்டியல்களை வைத்துத்தான் காணாமல் போனவர்களைக் கணக்கிட வேண்டியிருந்தது. இவ்வளவு தூரம் போய் மீன் பிடிக்கிறார்களா என்று சென்னை அன்றைக்குத்தான் ஆச்சரியப்பட்டது. போன ஆளையே எண்ணாத நாம், அவன் எடுத்துவந்த மீனையா எண்ணியிருப்போம்? இரண்டு அலட்சியமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது: கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாதது நம் கணக்கில் சேராது. உலக அளவிலும் பல நாடுகள் சுறா, திருக்கை எல்லாவற்றையும் இனம் பிரிக்காமல் ஒரே தலைப்பில்தான் எழுதி அனுப்புகின்றன. மத்தி போல் பெருகும் சுறாவும் இல்லை, எல்லாச் சுறாவும் ஒன்றும் இல்லை. ஒரே தலைப்பில் போட்டால் ஓர் இனம் அற்றுப்போனாலும் மொத்த எடை அப்படியே நிற்கும். பட்டியலைப் பார்க்கிறவருக்கு எல்லாம் நலமாகவே தெரியும்.

பழியைத் தூத்தூர்க்காரர்கள் தலையில் போட்டுவிட்டுக் கைகழுவுவது இப்போது நமக்கு வசதியாக இருக்கும். நேற்று வீரர்கள், இன்று கொள்ளையர்கள். அதுவும் நடந்திருக்கிறது. 2001 ஜூலையில் மத்திய அரசு எல்லாச் சுறா, திருக்கைகளையும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் போட்டது. துறைமுகங்களில் யாரிடமும் கேட்காமல் போட்டதால் எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. திமிங்கலச் சுறா இருந்தது, வேளா மீன்கள் இருந்தன, கங்கைச் சுறா இருந்தது. கல்பர் சுறா ஒன்றுகூட இல்லை. ஜூலையில் அது எதற்காக உள்ளே வந்தது என்று யாரும் விளக்கவில்லை, டிசம்பரில் எதற்காக வெளியே போனது என்றும் விளக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. மீனவர் பக்கம், சூழலியல் பக்கம் என்று இரண்டாகப் பிரிந்து நின்று கோஷம் போட நமக்குத் தெரிந்திருந்தது. இருநூறு மீட்டருக்கு மேலே வாழும் சுறாவுக்கும் கீழே வாழும் சுறாவுக்கும் வேறு வேறு விதி வேண்டாமா என்று கேட்பதற்கு இரண்டு பக்கமும் ஆள் இல்லை. கடலுக்குப் போகிறவர் கடன் வாங்கிப் படகு இறக்கியவர். எண்ணெய்க்கு விலை கொடுத்தது எங்கோ ஓர் ஆலை. அந்த ஆலைக்கு விலை கொடுத்தது நம் குளியலறை அலமாரி. விலை கிடைக்கிற ஆழத்துக்கு அவர் போனார். அவருக்கு வேறு ஆழம் காட்டும் திட்டத்தை யாரும் வகுக்கவில்லை.

2024 மார்ச்சில் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று 521 ஆழ்கடல் சுறா, திருக்கை இனங்களை எடுத்துப் பார்த்து, ஏறத்தாழ ஏழில் ஒன்று அற்றுப்போகும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. காரணங்களில் முன்னால் நிற்பவை ஈரல் எண்ணெயும் கறியும். நம் சரிவில் நிலைமை என்ன என்று சொல்வதற்கு, இருபது முப்பது வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். நியூ சவுத் வேல்ஸ்காரர்களுக்கு ஒரு கபாலா இருந்தது. இங்கே அந்தத் தொடக்க அளவு ஓரளவுக்காவது கிடைக்கக்கூடிய இடம் அரசு அலுவலகம் அல்ல. படகோட்டிகளின் நினைவு: எந்த வருஷம் எந்த ஆழத்தில் எத்தனை முள்ளுக்கு எத்தனை சுறா விழுந்தது, எந்த வருஷத்திலிருந்து அதே சுமைக்கு இன்னும் நூறு மீட்டர் கயிறு விட வேண்டியிருந்தது. அப்புறம், ஈரலை எடைபோட்டு வாங்கிய வியாபாரிகளின் பழைய துண்டுச்சீட்டுகளும் பேரேடுகளும். முதல் தலைமுறை ஓட்டுநர்களுக்கு வயதாகிவிட்டது. பேரேட்டில் போனது போக மிச்சம் இருப்பதைப் போய்ப் புரட்டிப் பார்ப்பதற்குத் தமிழும் மலையாளமும் தெரிந்த ஓர் ஆளும், ஒரு நோட்டுப் புத்தகமும், கொச்சிக்கு ஒரு ரயில் டிக்கெட்டும் போதும். அந்த ஆளை இன்றுவரை எந்தப் பத்திரிகையும் எந்தப் பல்கலைக்கழகமும் நம்மில் எவரும் அனுப்பவில்லை.